குறிக்கப்பட்ட நாளும் நிறுத்தப்பட்ட குளிசையும்

கடந்த மாதம் வைத்தியசாலையில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவரின் கட்டிலருகே நின்றேன். கல்லடிப் பக்கத்தில் கடற்றொழில் செய்பவர். நெடுநாள் சீனி வருத்தக்காரர். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மனைவி பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து விரித்தார். மாதாமாதம் திகதியிட்டு வந்த பக்கங்கள் ஏழு மாதங்களுக்கு முன் நின்றுபோயிருந்தன. "ஐயா, எங்கட நாளக் கர்த்தர் குறிச்சிட்டார், குளிசையால அதக் கூட்டவும் ஏலாது குறைக்கவும் ஏலாதெண்டு ஜெபக்கூட்டத்தில சொன்னாங்க, அதோட விட்டிட்டார்" என்றார்.

போதகராகப் பணி செய்யும் இத்தனை ஆண்டுகளில் இதே பேச்சை எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். இனியும் பேசாமலிருப்பது என் பணிக்குத் துரோகம்.

நாம் தலையெழுத்து என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள். ஞானஸ்நானம் பெற்ற பின்னும் அந்த எண்ணம் நம்மை விட்டுப் போகாமல், 'கர்த்தருடைய சித்தம்' என்ற பெயரில் நம் ஜெபங்களுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் ஒன்றல்ல. நீ எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் நடப்பது நடந்தே தீரும் என்பது விதி. அது முடிவை மட்டும் எழுதி வைக்கிறது. வழியைப் பற்றி அதற்குக் கவலையில்லை. வேதம் காட்டும் தேவனோ முடிவை நியமிக்கும்போதே அதற்குரிய வழியையும், அந்த வழியில் நடக்க வேண்டிய மனிதனின் கையையும் காலையும் சேர்த்தே நியமிக்கிறவர். அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். புயலில் அகப்பட்ட கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் மூலம் பவுலுக்கு வாக்குக் கிடைத்துவிட்டது. அதன் பிறகே கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பி ஓடப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார். சேவகர் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். வாக்குக் கிடைத்துவிட்டதே, கயிறு இருந்தால் என்ன போனால் என்ன என்று பவுல் கைகட்டி நிற்கவில்லை. எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 ஆண்டு ஆயுள் என்று சொன்ன அதே ஏசாயா, அத்திப்பழ அடையை எடுத்துப் பிளவையின் மேல் பற்றுப்போடவும் சொன்னார். ஆயுளைக் கூட்டியவர் கர்த்தர். பற்றைப் போட்டது மனிதனின் கை.

தேவனுடைய ஆளுகையும் மனிதனின் சுயாதீனமும் எப்படிப் பொருந்துகின்றன என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்ற முன்குறித்தல் போதனையை வலியுறுத்திய டோர்ட் சபை மாநாடு 1618, 1619ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தில் கூடியது. அந்தப் போதனையை ஏற்ற சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஒல்லாந்தர்தாம் 1638இல் நமது மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்கள். 1814இல் மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கு வந்தது, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் மரபிலிருந்து. அந்த வெஸ்லியோ 1739இல் முன்குறித்தல் போதனையை எதிர்த்துக் கடுமையாகப் பிரசங்கித்தவர். நான் வெஸ்லியின் பக்கம். ஆனால் நடப்பதெல்லாம் தேவ நியமம் என்று அறிக்கையிட்ட, முன்குறித்தலை ஏற்கும் மரபின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கைகூட, அந்த நியமம் மனித சித்தத்தை வன்முறைக்கு உட்படுத்துவதில்லை என்றும், தேவன் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்தும் இரண்டாம் நிலைக் காரணங்களை நீக்காமல் நிலைநிறுத்துகிறது என்றும் அதே 3ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. குளிசையும் அத்தகைய காரணமே. ஆகையால் குளிசையை நிறுத்தச் சொல்லும் உபதேசத்துக்கு இந்த இரு மரபுகளில் எதுவும் துணை நிற்காது.

நாட்கள் குறிக்கப்பட்டிருப்பதாக யோபு 14இல் வருகிறது, உண்மைதான். அது சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒருவரின் புலம்பல். அதை மருந்துச் சீட்டுக்கு எதிராக வாசிக்காதீர்கள். தேவதூதர் தாங்குவார்கள், கீழே குதி என்று தேவாலய உப்பரிகையில் இயேசுவுக்கு வசனம் காட்டியவன் பிசாசு என்பதை, தலைக்கவசமில்லாமல் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சுகம் கிடைத்ததாகச் சாட்சி சொல்பவர் தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மருந்தைக் குறைப்பதை வைத்தியரே முடிவு செய்யட்டும். பிரசங்க மேடையில் நின்று ஒருவருடைய மருந்தை நிறுத்த எந்தப் போதகருக்கும் அதிகாரமில்லை.

இளம் போதகர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மரண வீட்டில் முதல் வார்த்தையாக 'தேவ சித்தம்' என்று சொல்லாதீர்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்த தாய்மாரிடம், இது உங்கள் பாவத்துக்கு வந்தது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுத்தார். லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் அவரே கண்ணீர் விட்டார். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அழுங்கள். விளக்கம் பிறகு வரட்டும்.

வீட்டுக்கு வந்த அந்த ஐயாவை நேற்றுப் பார்க்கப் போனேன். ஜெபித்து முடித்த பின் மனைவி கொப்பியின் புதிய பக்கத்தில் அடுத்த கிளினிக் திகதியைக் காட்டினார். அன்று காலை அவரை ஏற்றிச் செல்ல சபைத் தம்பி ஒருவரிடம் ஓட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் ஒழுங்கையிலும் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தியவர் இருந்தால், இந்த வாரமே போய் அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.