லைனிங்: சொல் விளக்கம்

ஓசூரில் ஓர் அடுக்ககத்தின் கழிவுநீர் சம்ப் ஒழுகுகிறது என்றால், வந்து பார்ப்பவர் ‘லைனிங் போடணும்’ என்பார். ரவிக்கை தைப்பவரும் அதையேதான் சொல்கிறார். இரண்டும் ஒரே சொல். ஆடையின் உட்புறம் லினன் துணி வைத்துத் தைத்த வழக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் பிறந்தது அது. லினன், ஆளிச்செடி நாரில் நெய்வது. ‘பைப் லைன்’ என்பதிலுள்ள லைனுக்கும் மூலம் அந்த நார்தான்: லத்தீனில் ‘லினெயா’ என்றால் லினன் நூல், நூலை இழுத்துப் பிடித்தால் கோடு.

சம்ப்புக்கு எதற்கு லைனிங்? கழிவுநீரிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு, ஆளையே கொல்லும் வாயு. நீர்மட்டத்துக்கு மேலே ஈரச்சுவரில் வாழும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் சிமென்ட்டை ஜிப்சமாக்கிவிடும். ஆகவே அரிப்பு தண்ணீருக்கு மேலேதான் அதிகம். ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் கான்கிரீட் வெள்ளைக் கூழாக வழிந்து வரும், உள்ளே துருப்பிடித்த கம்பி தெரியும்.

எபாக்சி என்ற இறுகும் பிசினைத் தடவினாலும் லைனிங், பிளாஸ்டிக் தகடு பதித்தாலும் லைனிங் என்பதுதான் சிக்கல். கொத்தனார் காதில் இரண்டும் பூச்சு என்றே விழும். தமிழில் பிரித்தே சொல்லலாம். தடவுவதும் தெளிப்பதும் உட்பூச்சு. தனி அடுக்காகப் பொருத்துவது உறை. வாளுறை, தலையணை உறை, கீழடியில் கிடைத்த சுடுமண் உறைகிணறு எல்லாம் இந்த உறைதான். (பாலில் ஊற்றும் உறை வேறு.) தர்மபுரிப் பக்கம் பாறைக் கிணறுகளில் மேல்மண் சரியாமல் கல்லடுக்கிக் கட்டுவதையும் ஆங்கிலத்தில் லைனிங் என்பார்கள், நமக்கு அது கட்டு.

‘உள்ளுறை’ என்று எழுதலாமே என்றால், தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமம் (பொருளை உள்ளே மறைத்துச் சொல்லும் உவமை) குறுக்கே வந்து நிற்கும். ‘அகவுறை’ எனக்குச் சரியாகப் படுகிறது.

மறுபடி லைனிங் போடும் ரீலைனிங்குக்கும் அதே கணக்கு: மறுபூச்சு, அகவுறை மாற்று. ஆனால் ஒழுகலை நிறுத்துவது இரண்டிலும் சேராது. தளமும் சுவரும் சேரும் மூட்டிலும் குழாய் நுழையும் இடத்திலும் கசிவை முதலில் அடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் வெளியே ஊறும் நிலத்தடி நீர் புதுப் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். அதற்குக் கசிவடைப்பு என்று மதிப்பீட்டில் தனி வரி போடச் சொல்லுங்கள்.