தோல் பைக்குள் பூட்டிய லென்ஸ்

மழை ஆரம்பித்தால் போதும், பூஞ்சை பிடித்த கேமரா லென்ஸ்கள் பழுதுபார்க்கும் என் மேசைக்கு வரிசையாக வந்துவிடும். போன வாரம் வந்தது ஒரு ஹீலியோஸ் 44-2, பழைய சோவியத் லென்ஸ். டார்ச் அடித்துப் பார்த்தால் முன் கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய வெள்ளை நூல்கள் கிளை விட்டிருந்தன. கொண்டுவந்தவர் நம்பவே இல்லை. “சார், தோல் பையை விட்டு வெளியே எடுத்ததே இல்லை. பீரோவில் பத்திரமாக இருந்தது” என்றார்.

அதனால்தான் போச்சு, ஐயா! எத்தனை பேரிடம்தான் சொல்வது? அந்தப் பை, லென்ஸ் கடையிலிருந்து வீடு வந்து சேருவதற்கு. தோல் ஈரத்தைக் குடிக்கும், உள்ளே ஒட்டிய வெல்வெட் அதைவிட அதிகம் குடிக்கும். பூஞ்சைக்குக் காற்றில் 70 சதவீத ஈரப்பதம் இருந்தாலே தாராளம். புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகையில் 80 சதவீதம் என்பது சாதாரணம். அப்புறம் பீரோவின் இருட்டு வேறு. பை மேல் பாசம் இருந்தால் ஷோகேஸில் வெறும் பையாக வையுங்கள். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், அதன் ஆவி கண்ணாடியில் படியும். அரிசி டப்பாவில் புதைத்தால் மாவு ஃபோகஸ் ரிங்குக்குள் போகும். மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் கிரீஸ் இளகி அபெர்ச்சர், அதாவது ஒளி புகும் துளையின் இதழ்களில் ஏறும்.

வெயிலுக்கு ஒரு விலக்கு, பென்டாக்ஸின் பழைய சூப்பர் டாகுமர் 50 மி.மீ. 1.4 போன்ற லென்ஸ்கள். அதன் ஏழு கண்ணாடி மாடலில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வருஷம் போகப் போக மஞ்சளாகும். அதை அழுக்கென்று நினைத்துப் பாலிஷ் போடச் சொல்கிறார்கள். வேண்டாம். வெயில் மஞ்சளைப் போக்கும்தான், ஆனால் அதற்குப் பதில் புற ஊதா எல்.இ.டி. விளக்கின் கீழ் சில வாரம் வைத்தால் மஞ்சள் பெருமளவு தெளியும், சூடும் ஏறாது.

ஞாயிறு சந்தையிலோ நெட்டிலோ வாங்கினால், விற்பவர் வானத்தைக் காட்டி “கிளீனா இருக்கு” என்பதை நம்பாதீர்கள். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, போன் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடியுங்கள். நூல், புகைமூட்டம், ஓரத்தில் வானவில் திட்டு மூன்றையும் தேடுங்கள். வானவில் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று அர்த்தம், அதை விட்டுவிடுங்கள். தானாகச் சுருங்கும் அபெர்ச்சரில் எண்ணெய் இருந்தால் இதழ்கள் தாமதித்து, படம் வெளுக்கும். ஹீலியோஸ் 44-2 மாதிரி கையால் திருகும் லென்ஸில் அதே எண்ணெய் பெரிய குற்றமில்லை, அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ வீட்டில் திறந்து பார்த்திருக்கிறார்.

மவுன்ட், அதாவது லென்ஸ் கேமராவில் மாட்டும் வாய், பொருந்துமா என்று பார்க்காமல் வாங்கி வருகிறவர்களை என்ன சொல்ல? கேனான் எஃப்.டி. லென்ஸ் ஃபிலிமிலிருந்து 42 மி.மீ. தூரத்தில் உட்கார வேண்டியது, நிக்கான் கேமராவிலோ 46.5. அடாப்டர் மாட்டினாலும், நடுவில் ஒரு கண்ணாடி இல்லாமல் தூரக் காட்சி தெளியாது. 1977க்கு முந்தைய, மாற்றம் செய்யாத நிக்கார் (நிக்கானின் சொந்த) லென்ஸை நிக்கான் எஃப்.எம்.2 கேமராவில் திருகவே திருகாதீர்கள், கேமராவின் சின்ன நாக்கு உடையும்.

வாங்கியதும் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தடத்தில் டிரேசிங் பேப்பரை ஒட்டி, ஷட்டரை ‘பி’யில் திறந்து பிடித்து, தூரத்திலிருந்து 1836-இல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். ரிங் கடைசிவரை போய் நிற்கும்போது அதன் கைப்பிடிக் கம்பி கூர்மையாகத் தெரிய வேண்டும். அப்புறம்தான் ஃபிலிம். டிரைபாடில் வைத்து, ஒவ்வொரு ஷாட்டின் அபெர்ச்சரையும் நோட்டில் எழுதி ஒரு ரோல் எடுங்கள். எழுதாமல் எடுத்தால் காசுக்குக் கேடு.

சேகரிக்க ஆசையா? சரி, அடுத்த லென்ஸுக்கு முன்னால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்குங்கள். உள்ளே 40 முதல் 50 சதவீதம் காட்டட்டும். ஜெல் நிறம் மாறினால் உடனே மாற்றுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து ரிங்கைச் சுற்றுங்கள். பூஞ்சை நூல் கண்ணில் பட்டால் நீங்களே பிரித்துத் துடைக்காமல் அன்றே கொண்டுவாருங்கள். ஆரம்பத்தில் வந்தால் தடமில்லாமல் கழுவித் தருவேன். கண்ணாடியை அரித்த பிறகு வந்தால் கூலிதான் தண்டம்.