சிலிண்டர் பட்டையில் இருக்கும் எழுத்தும் உங்கள் காப்பீடும்

சமையல் எரிவாயு சிலிண்டரை வாங்கி உள்ளே வைப்பதற்கு முன், அதன் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் மூன்று பட்டைகளின் உட்புறத்தைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். ‘சி-29’ என்றிருந்தால் 2029 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுபரிசோதனை செய்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் இதைக் ‘காலாவதி தேதி’ என்று பரப்புகிறார்கள், அது சரியல்ல. பரிசோதனையில் தேறிய சிலிண்டர் புதிய கெடுவோடு திரும்பி வரும்.

இந்தக் கெடுவை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? உள்ளே இருப்பது 14.2 கிலோ திரவம். ஆவியானால் ஏறத்தாழ 250 மடங்கு இடம் கேட்கும். உருளை வடிவக் கலத்தின் சுவரில், நீளவாக்கில் இருப்பதைப்போல் இரு மடங்கு இழுவிசை சுற்றுவாக்கில் இருக்கிறது. அதனால்தான் துருவேறி மெலிந்த இடமோ தீயில் இளகிய இடமோ முதலில் புடைத்து, பிறகு நெடுக்கில் கிழிகிறது. கிழிந்த நொடியில் திரவம் மொத்தமாகக் கொதித்து விரிய, இரும்புத் துண்டுகள் பறக்கின்றன.

பரிசோதனையில் நீரை நிரப்பி, சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் கொடுப்பார்கள். நீர் அழுத்தத்தில் பெரிதாகச் சுருங்காது. எனவே சிலிண்டர் விரிசல் விட்டாலும் நீர் கசியுமே தவிர வெடித்துச் சிதறாது. பரிசோதனைக் கெடு தாண்டிய சிலிண்டரில் எரிவாயு நிரப்புவதை 2016ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகள் தடைசெய்கின்றன. ஆகவே அப்படி ஒன்று வாசலுக்கு வந்தால், தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். கசிவு பார்த்து, எடை போட்டுக் காட்டும்படி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கசிவு அவசரத்துக்கு 1906.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் எரிவாயு இணைப்பு பெற்றவர்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டு. பிரீமியத்தை நிறுவனங்களே கட்டுகின்றன. எரிவாயு விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. விபத்து நடந்ததும் எரிவாயு முகவருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அவர் நிறுவனத்துக்கும், நிறுவனம் காப்பீட்டாளருக்கும் தகவல் அனுப்புவார்கள். மருத்துவமனை ரசீதுகளின் அசலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பொருள் சேத இழப்பீடு, இணைப்பில் பதிவான முகவரியில் நடந்த விபத்துக்கு மட்டுமே. வாடகை வீடு மாறியவர்கள் இந்த வாரமே முகவரிடம் போய் முகவரியை மாற்றிவிடுங்கள்.