இரண்டு நோபல் வாங்கியவரும் ஆரஞ்சு மாத்திரையும்

சளி பிடித்திருக்கிறது என்று மெடிக்கலில் சொன்னால் சேர்த்துத் தருவார்களே, சப்பினால் புளிப்பும் இனிப்புமாக இருக்கும் ஆரஞ்சு நிற வைட்டமின் சி மாத்திரை, அந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியதில் லைனஸ் பாலிங் என்ற ஒரு மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. பிளஸ் ஒன் வேதியியலில் எலக்ட்ரான் கவர்தன்மை பாடத்தில் 'பாலிங் அளவீடு' என்று வருமே, அதே பாலிங். வேதியியலுக்கு 1954இல் ஒன்று, அமைதிக்கு 1962ஆம் ஆண்டுக்கானது ஒன்று என்று இரண்டு நோபல் பரிசுகளை யாருடனும் பங்கு போடாமல் தனியாக வாங்கியவர் இதுவரை அவர் ஒருவர்தான்.

1966இல், 65 வயதில், நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில், அறிவியல் எங்கே போகிறது என்று பார்க்க இன்னும் 15, 20 வருடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பேசினார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த இர்வின் ஸ்டோன் என்ற உயிர்வேதியியலாளர், தினமும் 3,000 மில்லிகிராம் வைட்டமின் சி எடுங்கள் என்று கடிதம் போட்டார். பாலிங்கும் மனைவியும் எடுத்துப் பார்த்தார்கள், உடம்பு தெம்பாக இருந்தது, சளி வருவது குறைந்தது போலவும் இருந்தது. 1970இல் அதைப் பொதுமக்களுக்கு ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். பிற்காலத்தில் அவர் எடுத்த அளவு ஒரு நாளைக்கு 18,000 மில்லிகிராம் வரை போனது, கிட்டத்தட்ட 250 ஆரஞ்சுப் பழத்தில் இருப்பது. நம் தேவை நூறு மில்லிகிராமுக்குள்தான். சில நூறு மில்லிகிராமைத் தாண்டினால் ரத்தத்தில் அளவு பெரிதாக ஏறுவதில்லை, குடல் உறிஞ்சுவது குறைந்துவிடும், மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். சளி விஷயத்தில் இதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், தினமும் எடுத்தாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி சுமார் 8 சதவீதம் சீக்கிரம் போகிறது, அதாவது ஐந்து நாள் சளியில் பத்து மணி நேரம்.

இவ்வளவு பெரிய மூளை எப்படி இப்படிச் சறுக்கியது? வயசாகிவிட்டது, தன் துறையை விட்டு வெளியே போய்விட்டார் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் பதில். எனக்கு அது போதவில்லை. படிகங்கள் அவருடைய சொந்தத் துறை. அதிலேயே டான் ஷெக்ட்மன் கண்டுபிடித்த குவாசிகிரிஸ்டல்களை, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தும் அந்த அடுக்கு ஒரேமாதிரி திரும்பத் திரும்ப வராத படிகங்களை, கடைசிவரை ஒப்புக்கொள்ளாமல் எதிர்த்தார், ஷெக்ட்மனுக்கு 2011இல் நோபல் கிடைத்தது. என் பார்வையில், அவரைச் சறுக்கவிட்டது அவரை உயர்த்திய அதே பழக்கம்தான்.

1948இல் ஆக்ஸ்ஃபோர்டில் சளி பிடித்துப் படுக்கையில் கிடந்தபோது ஒரு தாளில் புரதச் சங்கிலியை வரைந்து, அதை மடித்து மடித்துப் பார்த்தார். அப்படிக் கிடைத்ததுதான் ஆல்ஃபா ஹெலிக்ஸ் என்ற சுருள். ஆனால் ஒரு சிக்கல். அந்தச் சுருளின் ஒரு சுற்று 5.4 ஆங்ஸ்ட்ராம் (அணு அளவிலான நீளத்தைச் சொல்லும் அலகு), எக்ஸ்-ரே படங்களோ 5.1 என்று காட்டின. ஒத்துவரவில்லை. 1951இல் அந்த முரண்பாடு தீராமலேயே வெளியிட்டார், சரியாகவும் இருந்தது! முரண்பாட்டுக்கான காரணம் பிறகுதான் தெரிந்தது, சுருள்களே ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. ஆக, எதிரான தரவைக் கண்டு பயப்படாதே, உன் உள்ளுணர்வை நம்பு என்று அவருக்கு அனுபவமே பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

புத்திசாலித்தனம் இந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹனும் சகாக்களும் 2013இல் வெளியிட்டது. தோல் தடிப்புக்கு ஒரு க்ரீம். போட்டவர்களில் 223 பேருக்குக் குறைந்தது, 75 பேருக்கு அதிகமானது. போடாதவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்கு அதிகமானது. க்ரீம் வேலை செய்ததா? 223தான் பெரிய எண், எனவே ஆமாம் என்று தோன்றும். விகிதம் போட்டால் போட்டவர்களில் 75 சதவீதம், போடாதவர்களில் 84 சதவீதம், அதாவது க்ரீம் போடாமல் இருப்பதே மேல். கணக்கில் கெட்டிக்காரர்கள் இதை அதிகம் கண்டுபிடித்தார்கள், சரி. அப்புறம் அதே எண்களைத் துப்பாக்கித் தடையால் குற்றம் குறைந்ததா என்ற, அமெரிக்காவில் கட்சிகள் மோதிக்கொள்ளும் கேள்வியாக மாற்றிக் கொடுத்தார்கள். முதல் பார்வையில் தோன்றும் விடை தங்கள் கட்சிக்குச் சாதகமாக இருந்தால் கெட்டிக்காரர்களும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள், பாதகமாக இருந்தால்தான் உட்கார்ந்து விகிதம் போட்டார்கள். பின்னால் திரும்பச் செய்த சில ஆய்வுகளில் விளைவு இவ்வளவு பலமாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எங்கே கணக்குப் போடுகிறோம், எங்கே போடாமல் விடுகிறோம் என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பாலிங் எங்கே கணக்குப் போடாமல் விட்டார் என்று 1976இல் பார்க்கலாம். ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் யூவன் கேமரனோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இனி சிகிச்சை இல்லை என்று கைவிடப்பட்ட 100 புற்றுநோயாளிகளுக்கு வைட்டமின் சி, ஒப்பிட அதே மருத்துவமனையின் பழைய பதிவேட்டிலிருந்து 1,000 பேர். வைட்டமின் சி எடுத்தவர்கள் சராசரியாக நான்கு மடங்குக்கு மேல் வாழ்ந்தார்கள் என்றது கட்டுரை. ஆனால் கைவிடப்பட்ட நாள் எது? அங்கிருந்துதான் நாட்களை எண்ண வேண்டும். ஒருவரை நோய் முற்றுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால், எந்த மருந்தும் இல்லாமலே அவர் அதிக நாள் வாழ்ந்ததாகக் கணக்கு காட்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் சீட்டுப் போட்டதுபோல் நோயாளிகளைப் பிரித்து, யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாமல் சோதித்தபோது, 1979இலும் சரி 1985இலும் சரி, மாத்திரையால் பலன் இல்லை. முதல் சோதனையில் பலர் ஏற்கெனவே கீமோ எடுத்தவர்கள் என்றார் பாலிங், நியாயமான ஆட்சேபம். அதைச் சரிசெய்து செய்ததுதான் இரண்டாவது. அதற்கும் ஓர் ஆட்சேபம் வைத்திருந்தார், சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள் என்று. தன் கருத்துக்கு எதிரான ஆய்வில் ஓட்டை தேடும் அந்தக் கூர்மையைக் கேமரனின் பதிவேட்டில் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

அவருக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ளவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1953இல் டிஎன்ஏவுக்கு மூன்று இழைச் சுருள் என்று ஒரு மாதிரி வெளியிட்டார், தப்பு. ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் போய் வாட்சன், கிரிக் இருவரின் இரட்டை இழை மாதிரியையும் எக்ஸ்-ரே படத்தையும் பார்த்ததும் ஏற்றுக்கொண்டார். வைட்டமின் சியில் அப்படி ஒரே பார்வையில் முடிவு சொல்லும் படம் எதுவும் கிடையாது. அதோடு மருத்துவர்கள் எதிர்த்தது அவருக்குப் பழகிய காட்சி. அணுகுண்டுச் சோதனையை எதிர்த்ததால் சொந்த நாடான அமெரிக்காவிலேயே சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர், 1952இல் பாஸ்போர்ட்கூட மறுக்கப்பட்டவர், கடைசியில் 1963இல் சோதனைத் தடை ஒப்பந்தமே வந்துவிட்டது. 1941இல் கடுமையான சிறுநீரக நோய் வந்தபோது அவரைக் காப்பாற்றியது மருந்துகூட இல்லை, தாமஸ் அடிஸ் என்ற மருத்துவர் சொன்ன உப்பும் புரதமும் குறைந்த சாப்பாடு. இத்தனையும் நடந்த ஒருவரிடம் 'எல்லோரும் எதிர்க்கிறார்களே' என்று சொன்னால் அது எப்படி எடுபடும்?

மனைவி ஏவா ஹெலனுக்கு 1976இல் வயிற்றில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோவுக்குப் பதில் வைட்டமின் சி எடுத்தார், 1981இல் இறந்துபோனார். பாலிங் மாறவில்லை. தனக்கே புராஸ்டேட் புற்றுநோய் வந்தபோது, வைட்டமின் சிதான் அதை 20 வருடம் தள்ளிப்போட்டது என்றார். 1994 ஆகஸ்ட்டில் 93 வயதில் காலமானார். அந்த 20 வருடக் கணக்கைச் சரிபார்க்க, வைட்டமின் சி எடுக்காத இன்னொரு லைனஸ் பாலிங் வேண்டும்.