இறக்கத்துக்கான கியரை மேலேயே போடுங்கள்

மலையகத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்தால் மறுநாள் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: "பிரேக் பிடிக்கலையாம்." அதோடு விசாரணை முடிந்துவிடும். நேரம் சரியில்லை என்பார்கள். அந்த முடக்கில் ஏதோ இருக்கிறது என்பார்கள். சில இடங்களில் சூலம் நட்டு விளக்கும் வைத்துவிடுவார்கள். ஹட்டன் பக்கத்தில் சாரதிப் பயிற்சி கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனம் பதறும். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வண்டியில் பிரேக் திடீரென்று போவது அபூர்வம். பெரும்பாலும் அது இறக்கம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டேதான் வந்திருக்கும். வண்டி கவிழ்ந்த முடக்குக்கு நாலைந்து கிலோமீற்றர் மேலேயே, இறக்கம் தொடங்கிய இடத்திலேயே, காரியம் கெட்டிருக்கும்.

எப்படி என்று விளக்கமாகச் சொல்கிறேன். வண்டி ஓட்டாதவர்களும் வாசியுங்கள், ஏனென்றால் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.

எல்ல நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேல் இருக்கிறது. வெல்லவாய 200 மீற்றர் அளவில். இடையில் 30 கிலோமீற்றர்கூட இல்லை. பத்துத் தொன் எடையுள்ள ஒரு பஸ் அந்த 800 மீற்றரையும் இறங்கும்போது அதன் எடை விடுவிக்கும் சக்தி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 200 லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அந்தச் சக்தி போதும். சாரதி மேல் கியரில் வண்டியை ஓடவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால், காற்றும் டயரும் எடுத்துக்கொள்வது போக மிச்சச் சூடு முழுவதும் சக்கரத்துக்குள் இருக்கும் டிரம்மிலும் பிரேக் லைனிங்கிலும் இறங்கும். லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிப்பை இழக்கும். டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். பிரேக் எண்ணெயில் ஓடும் வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. அந்த எண்ணெய் நாளாக நாளாகக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எங்கள் மலைகளில் ஈரத்துக்கா பஞ்சம்? ஈரம் சேர்ந்த எண்ணெய் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழியாகும். அப்போது மிதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது.

அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் அதே பிரேக் மறுபடியும் பிடிக்கும்.

இதைத் தவிர்க்கப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. எஞ்சினே ஒரு பிரேக். சின்ன கியரில் இறங்கும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வைக்கிறது, எஞ்சின் அதை எதிர்த்து இழுத்துப் பிடிக்கிறது. என் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லும் பழைய விதி இதுதான்: அந்த மேட்டை ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு, சந்தேகம் இருந்தால் இன்னும் ஒன்று குறை. கியரை மாற்றும் இடம் இறக்கத்தின் தலை, நடு அல்ல. வேகம் பிடித்த பிறகு கனமான வண்டியில் கியரைக் குறைக்கப் போனால் பல சமயம் கியர் விழாது. அந்த நொடியில் வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டோமெட்டிக் கார் வைத்திருப்பவர்களும் "டி" நிலையில் போட்டது போட்டபடியே இறங்கக்கூடாது. கியர் நெம்புகோலுக்குப் பக்கத்தில் எல், எஸ், பி என்று ஏதாவது எழுதியிருக்கும், அது இறக்கத்துக்குத்தான். கொழும்பிலிருந்து ஏப்ரல் வசந்த காலத்துக்கு நுவரெலியா வரும் நண்பர்கள் யாராவது உங்களுக்கு இருந்தால், தங்குமிடம் பார்த்துக் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் ஆட்டோக்காரத் தம்பிமாரோடு நான் அதிகம் வாதாடுவது நியூட்ரலைப் பற்றித்தான். "சேர், கீழ வரைக்கும் சும்மா உருட்டிக்கிட்டே போயிரலாம், பெட்ரோல் மிச்சம்" என்பார்கள். 2022இல் எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் இந்தப் பழக்கம் கூடியதை நான் கண்ணால் பார்த்தேன். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லீசிங் கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நாளுக்கு நாலு ஹயர் கிடைப்பதே பாடு என்று இருப்பவருக்கு ஒவ்வொரு துளியும் காசுதான். ஆனால் நியூட்ரலில் விட்ட கணத்திலிருந்து மூன்று சக்கரத்திலும் உள்ள சின்ன டிரம்கள் மட்டும்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. கார், வேனில் எஞ்சினையே நிறுத்திவிட்டு உருட்டுபவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி ஒன்றிரண்டு மிதியோடு தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கல்லாக இறுகும். சாவியை அவசரத்தில் ஒரு சுற்று அதிகமாகத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். மிச்சம் பிடித்த பெட்ரோலின் விலையை ஒரு சோடி பிரேக் லைனிங்கின் விலையோடு வைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கைக் காட்டிய பிறகுதான் சிலர் மாறினார்கள். உயிரைப் பற்றிப் பேசியபோது மாறவில்லை.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்களின் பஸ் கட்டுப்பாட்டை இழந்து இறங்கி, எதிரே வந்த வேனிலும் ஆட்டோவிலும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் அந்த வேனிலும் ஆட்டோவிலும் இருந்தவர்கள். அந்தக் குறுக்கு வீதியைத் தெரிந்தவர்களுக்கு அதன் சரிவும் தெரியும். மேலேயிருந்து எந்தக் கியரில் இறங்கத் தொடங்குகிறோம் என்பது உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்பு மட்டுமல்ல, கீழிருந்து ஒன்றும் அறியாமல் ஏறி வருபவர்களின் பாதுகாப்பும்தான்.

மற்ற விபத்துகளிலும் காரணம் கடைசி முடக்கில் மட்டும் இருக்கவில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி காலை பசறை 13ஆம் கட்டையில் லுணுகலையிலிருந்து வந்த தனியார் பஸ் பள்ளத்தில் விழுந்த இடத்தில், சரிந்து விழுந்த பாறை ஒன்று வீதியை ஏற்கெனவே ஒடுக்கியிருந்தது. 2025 மே 11 விடிவதற்கு முன் கொத்மலை கெரண்டி எல்லயில் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இ.போ.ச பஸ் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரவு முழுக்க ஓடிய தூரப் பயணம், இருக்கைகளைவிட அதிகமான ஆட்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களின் சுற்றுலா பஸ் விழுந்து 15 பேர். இந்த நான்கு விபத்துகளில் மூன்று வெளியூர்ப் பயணம், இருட்டு, களைப்பு என்று ஏதோ ஒன்றோடு சேர்ந்தவை. டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். நல்லதண்ணிக்கு வந்து, இரவெல்லாம் மலை ஏறி இறங்கி, காலையில் அப்படியே வண்டியை எடுத்து மஸ்கெலியா, ஹட்டன் வழியாகக் கீழ்நாட்டுக்குத் திரும்பும் சாரதிகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். தரிசனம் முடிந்ததும் வண்டியை ஓரம் கட்டி மூன்று மணி நேரமாவது தூங்கச் சொல்லுங்கள். கூட்டிவந்த யாத்திரைக் குழுத் தலைவர் சொன்னால் சாரதி கேட்பார்.

பஸ்ஸில் போகிறவர் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார்கள். நிறையவே முடியும். நீண்ட இறக்கத்தில் கருகல் வாடை வந்தால், அது ரப்பர் எரிகிற மாதிரி மூக்கில் ஏறும், உடனே நடத்துனரிடம் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். "அண்ணே, பிரேக் சூடு வாடை வருது, கொஞ்சம் நிப்பாட்டி ஆறவிடுங்க" என்று சொன்னால் போதும், சண்டை தேவையில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னால் பெரும்பாலான சாரதிகள் நிறுத்துவார்கள், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. சூடான டிரம்மில் வாளியோடு தண்ணீர் ஊற்றவிடாதீர்கள், வெடிப்பு விழும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துத் தானாக ஆறவிட வேண்டும்.

சாரதிகளுக்கும் ஒரு வார்த்தை. உண்மையிலேயே பிரேக் போய்விட்டது என்றால், பிரேக் எண்ணெயில் ஓடும் வண்டியில் பெடலை அடுத்தடுத்து அழுத்துங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், கைப்பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மலைப்பக்கம். வடிகான் இருக்கட்டும், மண் மேடு இருக்கட்டும், தேயிலைக் கரை இருக்கட்டும், வண்டியை மலையோடு உரசவிடுங்கள். வண்டி நொறுங்கினால் திருத்தலாம். எதிரே வருபவரைத் தப்ப வைக்கிறேன் என்று பள்ளப் பக்கம் திருப்பியவர்களின் கதையைக் கேட்க ஆள் இருப்பதில்லை.

தோட்டத்துக்குள் இருக்கும் பாதைகளின் பாடு வேறு. லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் அந்த மூன்று நான்கு கிலோமீற்றரில் கொழுந்து லொறியும், ஸ்கூல் ஆட்டோவும், பிரட்டுக்கு, அதாவது காலை வேலைக் கணக்கெடுப்புக்கு, போகிற பெண்களும் ஒரே ஒற்றைத் தடத்தில் போய்வருகிறார்கள். பாதை யாருடையது என்று கேட்டால் தோட்ட நிர்வாகம் பிரதேச சபையைக் காட்டும், சபை நிர்வாகத்தைக் காட்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் வேலை செய்ய நீண்டகாலம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே "தோட்டத்துக்குள்ளே நாங்க செய்ய ஏலாது" என்று யாராவது இன்றும் சொன்னால் அந்தத் திருத்தத்தை எடுத்துக் காட்டுங்கள். எழுத்தில் கேளுங்கள், படத்தோடு கேளுங்கள். கேட்கும்போது பெரிய கார்பெட் ரோட்டை மட்டும் கேட்காதீர்கள். முடக்கில் ஒரு குவிகண்ணாடி, பள்ளப் பக்கம் தடுப்பு, சுண்ணாம்பு அடித்த ஓரக் கற்கள், அடைத்துக்கிடக்கும் கானைத் திறந்துவிடுதல் ஆகியவை சிறிய செலவு. கான் அடைத்தால் மழைத் தண்ணீர் பாதைக்குக் குறுக்கே ஓடி ஓரத்தை அரிக்கும், அடுத்த வாரம் அந்த ஓரம்தான் லொறியின் பின்சக்கரத்தோடு சேர்ந்து இறங்கும். கானையும் ஓரக் கற்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்தில் தோட்டத்து இளைஞர்களே முடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்கூல் ஆட்டோ விஷயத்தில் மட்டும் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மூன்று பேரை ஏற்றச் செய்த வண்டியில் எட்டுப் பிள்ளைகள், அதில் ஒன்று சாரதிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு. முன்னால் ஆள் இருந்தால் சாரதியின் கை ஹேண்டிலில் முழுதாகத் திரும்பாது. பாரம் கூடக் கூட இறக்கத்தில் நிற்கும் தூரமும் கூடும். "வேற வண்டி இல்ல சேர், என்ன செய்ய?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதே தோட்டத்துப் பெற்றோர் சிலர் பிறகு ஒன்றாக உட்கார்ந்து பேசி, ஆட்டோவை இரண்டு நடையாக ஓடச் சொல்லி, ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். முதல் நடையில் போகும் பிள்ளைகள் அரை மணி நேரம் முன்னால் எழும்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். முன் சீட்டில் பிள்ளை வேண்டாம் என்பதை மட்டுமாவது இன்றே சொல்லிவிடுங்கள்.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். டிம் லைட்டில், மெதுவாக, முடக்குக்கு முடக்கு ஹோன் அடித்துப் போங்கள். ஒடுக்கமான இடத்தில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். நடந்து போகிறவர்கள் வீதியின் வலது ஓரமாக, வண்டிகளை எதிர்நோக்கி நடங்கள். பிள்ளையின் புத்தகப் பையிலும் மழைக்கோட்டிலும் ஒளி தெறிக்கும் பட்டி ஒட்டுங்கள். சம்பள நாள் இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது சட்டம் போட்ட எல்லை. முடக்குப் பாதையில் அதற்கு வெகு முன்பே கை தடுமாறும். மறுநாள் விடியற்காலை வண்டி எடுப்பவருக்கும் இது பொருந்தும்.

இத்தனைக்குப் பிறகும் விபத்து நடந்துவிட்டால், முதலில் 1990 என்ற எண்ணை அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இன்று நாடு முழுவதும் ஓடும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் எந்த டிவிஷன் என்று தேடுவார்கள், ஆகவே பக்கத்துக் கிலோமீற்றர் கல்லின் எண்ணையும் தோட்டத்தின் டிவிஷன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிக்னல் இல்லாத பள்ளம் என்றால் ஒருவரை மேட்டுக்கு அனுப்பிப் பேசவையுங்கள். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடியே இருங்கள், அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தீயோ, வண்டி மறுபடி சரியும் ஆபத்தோ இல்லாவிட்டால் அடிபட்டவரை இழுக்காதீர்கள், கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, மற்றவர்கள் உடலை ஒரே நேர்கோட்டில் புரட்டிப் பலகையிலோ கழற்றிய கதவிலோ வைத்துத் தூக்குங்கள். ஆட்டோவின் பின் சீட்டில் மடக்கி உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டாம். ஒருவர் முடக்குக்கு மேலேயும் ஒருவர் கீழேயும் போய் நின்று, டோர்ச்சோ சிவப்புத் துணியோ காட்டி, வருகிற வண்டிகளை நிறுத்துங்கள்.