கன்னத்தைக் குறைக்கும் முன் அம்மாவின் கல்யாணப் போட்டோவைப் பாருங்கள்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்திருந்தாள். 23 வயது, தை மாதம் கல்யாணம். செல்போனில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, "எனக்கும் கன்னம் இப்படி உள்ள போகணும் டாக்டர். போட்டோவுல பன்னு மாதிரி தெரியுது" என்றாள்.

மதுரையில் முக அறுவை சிகிச்சை செய்கிற எனக்கு, முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் இது வழக்கமாக வரும் கேள்வி. அவள் கேட்டது கன்னக் கொழுப்பை எடுக்கும் ஆபரேஷன். கன்னத்துக்குள் பக்கத்துக்கு ஒன்றாகக் கொழுப்புத் திண்டு இருக்கிறது. சுரப்பி என்று முன்பு நினைத்திருந்ததை, கொழுப்புதான் என்று 1802-இல் எழுதியவர் பிரான்ஸ் நாட்டு உடற்கூறு அறிஞர் பிஷா. ஒரு திண்டு சுமார் 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன் அளவுதான். மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேராக வாய்க்குள்ளேயே சின்னதாகக் கீறி, தானாகப் பிதுங்கி வருவதை மட்டும் எடுக்க வேண்டும். வெளியே தழும்பு இருக்காது. ஆனால் எச்சில் குழாயும் மேலுதட்டை அசைக்கும் நரம்புக் கிளைகளும் அதை ஒட்டியே போகின்றன. நரம்பில் அடிபட்டால் சிரிப்பு ஒரு பக்கம் கோணிவிடும்.

கன்னம் பெரிதாக இருந்தாலே கொழுப்பு என்று முடிவு கட்டக்கூடாது. உசிலம்பட்டித் தம்பி ஒருவர் இதே ஆபரேஷன் கேட்டு வந்தார். "பல்லைக் கடிங்க தம்பி" என்று தாடை மூலையில் விரலை வைத்தேன். கல் மாதிரி திரண்டது. தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தடித்துப்போன தசை அது. கொழுப்பை எடுத்திருந்தால் முன்கன்னம் குழிந்து, தாடை இன்னும் அகலமாகத் தெரிந்திருக்கும். உடம்பு ஏற என்று கடையில் வாங்கித் தின்னும் ஸ்டீராய்டு மாத்திரையாலும் முகம் உருண்டுபோகும். அதைச் சாப்பிடுகிறவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், அது ஆபத்து.

சரி, மேலூர்ப் பெண்ணுக்கு வருகிறேன். அவளுக்கு இருந்தது கொழுப்புதான். அம்மாவிடம், "உங்க கல்யாணப் போட்டோ இருக்காம்மா?" என்று கேட்டேன். போனில் தேடி எடுத்தார். மாலையும் கழுத்துமாக, மகளைப் போலவே புசுபுசுவென்ற கன்னம். இப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது, இரண்டு கன்னமும் டொக்கு விழுந்திருந்தது. வயது ஏற ஏற முகத்துக் கொழுப்பு தானாகவே வற்றும். 23-இல் எடுத்த திண்டு திரும்ப வளராது. நாற்பதில் கன்னம் ஒட்டிப்போனால், வேறு இடத்துக் கொழுப்பை எடுத்து ஊசியில் நிரப்ப வேண்டியிருக்கும். அதுவும் பழைய மாதிரி அமையும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அப்புறம் நாள் கணக்கு. வீக்கம் முழுதாக வடிந்து கன்னம் ஒரு நிலைக்கு வர மூன்று நான்கு மாதம்கூட ஆகும். மண்டபம் பிடித்த பிறகு இந்த ஆபரேஷனுக்கு வந்தால் நான் செய்வதில்லை.

அந்தப் பெண் போட்டோவையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "கல்யாணம் முடியட்டும் டாக்டர், அப்புறம் யோசிக்கிறேன்" என்றாள். அம்மா போனை வாங்கி, அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.