சிக்னலிங் ஐபியில் ஏறினால் வரிசை என்ன ஆகும்?

"வீட்டில் லேண்ட்லைனை எடுத்துப் பல வருடம் ஆகிறது. இன்னும் எஸ்எஸ்7, எஸ்எஸ்7 என்று எதற்குப் பேசுகிறீர்கள்? அது இன்டர்நெட்டில் போவதால்தான் ஓடிபி திருடுபோகிறது என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

அழைப்பையும் எஸ்எம்எஸ்ஸையும் எங்கே, எப்படிச் சேர்ப்பது என்று தொலைபேசி நெட்வொர்க்குகள் தங்களுக்குள் தகவல் பரிமாறுவதுதான் சிக்னலிங், அதற்கான பழைய முறை எஸ்எஸ்7. முதல் கேள்விக்குப் பதில் அந்த ஓடிபியிலேயே இருக்கிறது. வங்கியின் எஸ்எம்எஸ் முதலில் எஸ்எம்எஸ் மையத்துக்குப் போகும். 'இந்த எண் இப்போது எந்த சுவிட்சின் கீழ் இருக்கிறது?' என்று மையம் எச்எல்ஆர் என்ற பதிவேட்டைக் கேட்கும். பதில் வந்ததும் அந்த சுவிட்சுக்குச் செய்தியைத் தள்ளும். இந்தக் கேள்வி பதிலின் மொழி மேப். மேப் உட்கார்ந்திருப்பது எஸ்எஸ்7 மேல். 4ஜியில் வேறு வழிகளும் உண்டு, ஆனால் பழைய வழி இன்னும் ஓய்வு பெறவில்லை.

பழைய எஸ்எஸ்7 லிங்க் என்பது இ1 கேபிளின் 32 டைம்ஸ்லாட்டில் ஒன்று, 64 கிலோபிட். ஒரு பக்கம் விழுந்தால் மறுபக்கம் முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதால் 40 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. கணக்குப் போடுங்கள்: வினாடிக்கு 8,000 பைட், அதில் 40 சதவீதம் 3,200. எஸ்எம்எஸ் சுமக்கும் ஒரு செய்தி 200 பைட் என்றால் வினாடிக்கு 16. ஒரு லிங்க்செட்டில் (இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள லிங்க்குகளின் கட்டு) அதிகபட்சம் 16 லிங்க், ஆக 256. ஓடிபி காலத்துக்கு இது எந்த மூலைக்கு? எஸ்எஸ்7-ஐ ஐபியில் ஏற்றும் சிக்ட்ரான் வந்ததற்கு இந்த நெரிசல் ஒரு பெரிய காரணம்.

ஏற்றுவது அவ்வளவு சுலபமில்லை. தொலைபேசிக்காரர்களின் நிபந்தனைகள் கறாரானவை: தொலையும் செய்தி ஒரு கோடிக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது, வரிசை மாறுவது ஆயிரம் கோடிக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. ஐபியில் செய்தி சுமக்கும் வழக்கமான முறைகள் யூடிபியும் டிசிபியும். யூடிபி இந்த இரண்டு நிபந்தனைக்குமே பொறுப்பேற்காது. டிசிபி இரண்டையும் காப்பாற்றும், ஆனால் தப்பான விதத்தில்.

வரிசை ஏன் முக்கியம்? ஒரு சர்க்யூட்டுக்கு (ஒரு குரல் அழைப்பைச் சுமக்கும் தடம்) முதலில் ஐஏஎம் போகும், அழைப்பைத் தொடங்கும் செய்தி. அழைத்தவர் மனம் மாறி வைத்துவிட்டால் பின்னாலேயே ரிலீஸ் போகும். ரிலீஸ் முந்திக்கொண்டால் எதிர் எக்ஸ்சேஞ்சில் விடுவிக்க ஒன்றுமில்லை, 'சரி, முடிந்தது' என்று பதில் அனுப்பிவிடும். அதற்குப் பிறகு ஐஏஎம் வந்து சேர்ந்தால் யாரோ ஒருவர் வீட்டில் மணி அடிக்கும். எடுத்தால் மறுமுனையில் ஆளே இருக்காது.

ஆனால் கவனியுங்கள், வரிசை காக்க வேண்டியது அந்த ஒரு சர்க்யூட்டுக்குள் மட்டும். 21-ஆம் சர்க்யூட்டின் பாக்கெட் தொலைந்தால் 22-ஆம் சர்க்யூட் எதற்குக் காத்திருக்க வேண்டும்? டிசிபிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எல்லாமே அதற்கு ஒரே பைட் வரிசை. சுங்கச்சாவடியில் ஒரே ஒரு லேன், முன்னால் நிற்கும் லாரியின் ஃபாஸ்டாக் ஸ்கேன் ஆகவில்லை என்ற நிலைமைதான்.

இதற்கான விடையின் பாதி எஸ்எஸ்7-க்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு செய்தியிலும், எந்த லிங்க்கில் போவது என்று தேர்வு செய்ய, எஸ்எல்எஸ் என்று 4 பிட் உண்டு. குரல் அழைப்புச் செய்திகளில் அது சர்க்யூட் எண்ணின் கடைசி 4 பிட். 21-ஐ இருமத்தில் எழுதினால் 10101, கடைசி நான்கு 0101, அதாவது 5. 22-க்கு 6. 37-க்கு மறுபடியும் 5. ஒரே எஸ்எல்எஸ் உள்ளவை ஒரே லிங்க்கில் போகும், அதனால் அவற்றின் வரிசை கலையாது.

டிசிபி போலவே ஐபியில் செய்தி சுமக்க 2000-இல் வெளிவந்த எஸ்சிடிபி மீதிப் பாதி. டிசிபியில் ஒரே எண் இரண்டு வேலை பார்க்கிறது: எது தொலைந்தது என்று சொல்வதும் அதுவே, எதை அடுத்து மேலே கொடுக்கலாம் என்று சொல்வதும் அதுவே. எஸ்சிடிபி இந்த இரண்டையும் பிரித்துவிட்டது. தொலைந்ததைக் கண்டுபிடிக்க டிஎஸ்என், மொத்த இணைப்புக்கும் பொது. வரிசைக்கு எஸ்எஸ்என், ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும், அதாவது இணைப்புக்குள் ஓடும் ஒவ்வொரு லேனுக்கும், தனி. எஸ்எஸ்7 செய்திகளை எஸ்சிடிபியில் ஏற்றிவிடும், மேலே உள்ள எம்3யூஏ அடுக்கு எஸ்எல்எஸ் 0 முதல் 15 வரை உள்ளவற்றை ஸ்ட்ரீம் 1 முதல் 16 வரை பிரித்துப் போடலாம். ஸ்ட்ரீம் 0 நிர்வாகத்துக்கு, அதில் டேட்டா போகக் கூடாது.

டிஎஸ்என் 1001 ஸ்ட்ரீம் 6-இல் 21-இன் ஐஏஎம், 1002 ஸ்ட்ரீம் 7-இல் 22-இன் ரிலீஸ், 1003 ஸ்ட்ரீம் 6-இல் 21-இன் ரிலீஸ் என்று வைத்துக்கொள்வோம். 1001 வழியில் தொலைகிறது. 1002 வந்த உடனே மேலே போய்விடும். 1003 மட்டும் நிற்கும். '1002, 1003 கிடைத்தன, 1001 வரவில்லை' என்று எதிர்முனைக்குத் தகவல் போகும். 1001 மீண்டும் வந்ததும் இரண்டும் சேர்ந்து ஏறும். இவ்வளவுதான், ஆனால் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத வேலைப்பாடு!

இதைக் கெடுப்பதும் சுலபம். ஸ்ட்ரீம் எண்ணிக்கையை இரு முனைகளும் பேசி முடிவு செய்யும்போது சிறிய எண்ணே செல்லும். எதிர்முனை 2 ஸ்ட்ரீம்தான் ஏற்கும் என்றால் பதினாறு எஸ்எல்எஸ்ஸும் ஸ்ட்ரீம் 1-இல் நெருக்கியடிக்கும். காசு கொடுத்து எஸ்சிடிபி வாங்கி டிசிபி ஓட்டுகிற கதை. 17 கேளுங்கள், கிடைத்ததா என்று டிரேஸில் (பாக்கெட் பதிவில்) பாருங்கள்.

அடுத்த தலைவலி டைமர். பழைய லிங்க் சும்மா இருக்கும்போதும் வெற்றுச் சிக்னல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதனால் கேபிள் அறுந்தால் சுமார் 128 மில்லிவினாடியில் தெரிந்துவிடும். எஸ்சிடிபிக்கு இரண்டு ஐபி முகவரி கொடுத்து இரண்டு பாதை வைக்கலாம். ஆனால் டிஃபால்ட்டில் விட்டால் முதல் பாதை செத்ததென்று முடிவு செய்ய, காத்திருப்பு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகி, 1, 2, 4, 8, 16, 32 என மொத்தம் 63 வினாடி! மறு அனுப்பல் இரண்டாம் பாதையில் போகும் என்றாலும், புதிய செய்திகள் அதுவரை செத்த பாதையில்தான் முதலில் போய் விழும். மேலே இருக்கும், எஸ்எஸ்7-இல் செய்திகளுக்கு வழி காட்டும் அடுக்கான எம்டிபி3-க்கோ 500 முதல் 1,200 மில்லிவினாடிக்குள் பதில் வேண்டும்.

ஆர்டிஓ (ஒப்புதல் வராவிட்டால் மறுபடி அனுப்பும் முன் காத்திருக்கும் நேரம்) குறைந்தபட்சத்தை 200 மில்லிவினாடியாகவும், பாதைக்கான மறு முயற்சியை 5-இலிருந்து 2-ஆகவும் இறக்கினால் 200, 400, 800, மொத்தம் 1.4 வினாடி. இதில் இரண்டு பள்ளம். எதிர்முனை ஒப்புதலைத் தாமதிக்கும் நேரமும் வழக்கமாக 200 மில்லிவினாடி. அதையும் குறைக்காவிட்டால் தொலையாததை எல்லாம் மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். அடுத்தது, மொத்த இணைப்புக்கான மறு முயற்சி டிஃபால்ட்டாக 10. இரண்டு பாதைக்கும் சேர்த்து 4 ஆன பிறகு இதை 10-இலேயே விட்டால், இரண்டு பாதையும் செத்தபின்னும் இணைப்பு உயிரோடு இருப்பதாகக் காட்டும். அதையும் 4 ஆக்குங்கள்.

இரண்டு முகவரியும் ஒரே ரவுட்டர் வழியாகப் போனால் அது இரண்டு பாதையல்ல, சம்பிரதாயம். ஃபயர்வாலில் எம்3யூஏவின் போர்ட் எண்ணான 2905-ஐ டிசிபிக்குத் திறந்துவிட்டு மணிக்கணக்கில் தேடுபவர்களும் உண்டு. திறக்க வேண்டியது ஐபி புரோட்டோகால் எண் 132, அதாவது எஸ்சிடிபி.

இனி அந்த இரண்டாவது கேள்வி. இந்தப் போக்குவரத்து பெரும்பாலும் இன்டர்நெட்டிலிருந்து பிரிந்த தனி ஐபி நெட்வொர்க்கில்தான் ஓடுகிறது. இன்டர்நெட்டில் ஏறியதால் திருட்டு என்பது வாட்ஸ்அப் வைத்தியம் மாதிரி ஒரு நம்பிக்கை. ஓட்டை எஸ்எஸ்7-இன் பிறவியிலேயே இருக்கிறது. 'இந்தச் சந்தாதாரர் இப்போது என் சுவிட்சின் கீழ் வந்துவிட்டார்' என்று வெளிநாட்டு நெட்வொர்க் ஒன்று சொன்னால், நீ யார் என்று கேட்காமல் எச்எல்ஆர் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓடிபி அங்கே போகும். 2017-இல் ஜெர்மனியில் வங்கிக் கணக்குகளில் பணம் போனதும் எஸ்எஸ்7 வழியாக எஸ்எம்எஸ்ஸைத் திருப்பிவிட்டுத்தான். எம்3யூஏ வெறும் சுமைதூக்கி, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அது பிரித்துப் பார்க்காது. பிரித்துப் பார்க்க வேண்டியது எல்லையில் வைக்கும் சிக்னலிங் ஃபயர்வால்: பத்து நிமிடத்துக்கு முன் மதுரையில் இருந்த எண் இப்போது எப்படி இன்னொரு கண்டத்தில் பதிவாகிறது என்று அதுதான் கேட்க வேண்டும்.